மூக்கில் வைத்த பொட்டு

பிலோமினாக்காவுக்கு போன் செய்தால் அவர் ஹலோ சொல்ல மாட்டார். "எங்க வந்துட்டீங்க?" என்றுதான் எடுப்பார். நீங்கள் எங்கேயும் கிளம்பாமல் வீட்டில் பாயில் படுத்துக்கிடந்தாலும் அதே கேள்விதான். ஒருமுறை கடன் வேண்டுமா என்று கேட்பதற்காக அழைத்த வங்கிப் பெண், இந்தக் கேள்வியில் பதறிப்போய், "சென்னையிலதான் மேடம் இருக்கேன்" என்று பதில் சொல்லியிருக்கிறாள். அக்காவும் விடாமல், "சரி, பார்த்து வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் இருக்கிறது எங்கள் அப்பளக் கம்பெனி. நான் சோணைமுத்து, கணக்குப் பார்க்கிறவன். பிலோமினாக்கா டெஸ்பாட்ச். வாடிப்பட்டி மில்லிலிருந்து உளுந்து மாவு வந்து சேருகிறதா, இங்கிருந்து அப்பளம் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. நடுவில் மாவு அப்பளமாவது மற்றவர்கள் பாடு. இப்போதைய முதலாளி அழகுபாண்டியின் அப்பா காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால், நான்கு பேர் இருக்கும்போது அக்கா அவரை "மொதலாளி" என்பார். கோபம் வந்தால் "தம்பி" என்பார். அவர் "தம்பி" என்று ஆரம்பித்தால் நாங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவோம்.

அக்காவின் இந்தக் கேள்வி நோய்க்கு எங்கள் ஊரும் ஒரு காரணம். மதுரைக்காரனிடம் எங்கே வந்திருக்கிறாய் என்று கேட்டால், குளித்துக்கொண்டிருந்தாலும் "இந்தா வந்துட்டேன்" என்பான். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை, கேட்டவர் மனம் நோகக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். மாவு லாரி ஓட்டும் வெள்ளைத்துரைக்கு இந்த நல்லெண்ணம் ரொம்பவே அதிகம். டோல்கேட்டைத் தாண்டிவிட்டேன் என்று அவர் சொல்லி இரண்டு டீ குடித்த பிறகும் லாரி வராது. மாவு பிசையும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

லாரியில் ஜிபிஎஸ் பொருத்திய அன்று வெள்ளைத்துரை வழக்கம்போல, "டோல்கேட்டுக்கிட்ட வந்துட்டேன் தாயி" என்றார். அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அண்ணே, வண்டி வாடிப்பட்டி டீக்கடையில நிக்குது. நீங்க மட்டும் நடந்தா வந்தீங்க?"

அந்தப் பக்கம் டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "இந்தா வாரேன்" என்று மெதுவாகக் குரல் வந்தது. அன்றைக்கு அக்கா எல்லோருக்கும் தன் செலவில் வடை வாங்கிக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் வீட்டிலும் அதைச் செய்து பார்த்தார். மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் தன் கணவர் ராயப்பனின் போனில், இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியைப் போட்டுவிட்டார். ராயப்பன் அண்ணன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். போனைப் பள்ளி மேசை மேல் வைத்துவிட்டு, ஊர் சுற்றிவிட்டு வந்து அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். வரைபடத்தில் அவரைப் போல உழைக்கும் கிளார்க் தமிழ்நாட்டிலேயே கிடையாது.

இதெல்லாம் சிரிப்புக் கதை. சிரிக்க முடியாத கதை ஒன்று இருந்தது. எங்கள் அப்பளத்தில் பாதிக்கு மேல் நெதர்லாந்துக்குப் போகிறது. அங்கே ராட்டர்டாமில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனி, அதற்குச் சரக்கு வாங்குகிறவர் மார்லீஸ் என்ற அம்மாள். போன வருடத்துக்கு முந்தின வருடம் நாங்கள் அனுப்பிய ஒரு கன்டெய்னர் சரக்கு நமத்துப்போய் அங்கே இறங்கியது. எண்ணெயில் போட்டால் பொரியவில்லை, தோல்போலச் சுருண்டது. செங்கடலில் ஏவுகணைக்குப் பயந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்த காலம் அது. வழியில் எங்கே ஈரம் புகுந்தது என்று கேட்டால், லாரிக்காரர் துறைமுகத்தைக் கைகாட்டினார், துறைமுகம் கப்பலைக் கைகாட்டியது, கப்பல் எங்களைக் கைகாட்டியது. யார் சொன்னது நிஜம் என்று இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு மார்லீஸ் ஒரு நிபந்தனை போட்டார். இனி ஒவ்வொரு கன்டெய்னருக்குள்ளும் ஈரத்தை அளக்கும் கருவி இருக்க வேண்டும். அது சொல்வதை அவர் அங்கே பார்ப்பார், நாங்கள் இங்கே பார்ப்போம். அடுத்த சரக்கு பழுதில்லாமல் போனால் வருடம் முழுவதற்கும் ஆர்டர். இல்லையென்றால் வேறு கம்பெனி. அந்த ஆர்டரை நம்பித்தான் எங்களிடம் இரண்டாவது ஷிஃப்ட் ஓடியது. திருமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வேனில் வரும் பெண்கள் அவர்கள். பேக்கிங்கில் அவர்களுக்குத் தலைவி செல்லக்கிளி. ஆர்டர் போனால் வேன் நிற்கும், ஷிஃப்டும் நிற்கும். இது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கருவிகள் வந்தன. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி, உள்ளே ஒரு சிம், முகப்பில் சல்லடை போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். அந்த ஓட்டை வழியாகத்தான் அது காற்றில் ஈரம் எம்புட்டு என்று பார்க்கும். செல்லக்கிளி முதல் நாளே அதற்கு மூக்கு என்று பெயர் வைத்துவிட்டாள். கருவியைப் பிடித்துப் பார்த்து, "மூக்கு மட்டும் இருக்கு, கண்ணக் காணமே" என்றாள். நான்கு மூக்குகளும் அக்காவின் மேசையில் சார்ஜில் கிடக்கும். யார் தொட்டாலும் அக்கா முறைப்பார்.

அந்தச் சரக்கு கிளம்ப வேண்டிய வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமில்லை. மாவு பிசையும் மிஷின், தராசு, லாரி, தீயணைப்பு வாளி, என் கால்குலேட்டர் வரைக்கும் கழுவித் துடைத்து, பன்னீரில் குழைத்த சந்தனமும் அதன் மேல் குங்குமமும் வைத்துவிடுவார்கள். அக்கா கத்தோலிக்கர். ஆனால் பூஜையன்று முதல் ஆளாக வந்து பூக்கட்டுவார், பொரி பொட்டலம் போடுவார், செல்லக்கிளியோடு சேர்ந்து எதை விட்டோம் என்று தேடிக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்த பிறகு செல்லக்கிளி சந்தனக் கிண்ணத்தோடு அக்காவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கருவிகளைத் தொட பயம்.

"இதுகளுக்கு வேணாமாக்கா?"

"ஏன் வேணாம்? எல்லாத்துக்கும் வச்சுட்டு இதுகள மட்டும் விட்டா பாவமா இருக்காது? வை, நல்லாப் பெருசா வை."

வைத்தாள், பெரிதாகவே வைத்தாள். கன்டெய்னருக்கு மூன்றுதான் தேவை என்பதால் நாலாவது கருவியை அக்கா அலமாரிக்குள் எடுத்து வைத்திருந்தார், அது தப்பித்தது. மற்ற மூன்றையும், பூசை முடிந்த பிறகு தூசி படாமல் இருக்கட்டும் என்று அக்காவே பாலித்தீன் உறையில் போட்டு மூடி வைத்தார். விடுமுறை முடிந்து சரக்கு ஏற்றிய அன்று, உறையைப் பிரித்து மூன்றையும் அட்டைப் பெட்டிகளுக்குள் வைத்தார்கள். சாமிக்கு வைத்த பொட்டை யாராவது துடைப்பார்களா? யாருக்கும் அந்த யோசனையே வரவில்லை. கன்டெய்னருக்கு சீல் வைத்து, தேங்காய் உடைத்து, தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டோம்.

லாரி துறைமுகம் போய்ச் சேர்ந்த கையோடு மார்லீஸிடமிருந்து மெயில் வந்தது. மூன்றில் இரண்டு கருவிகள் ஈரம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று கத்துகின்றன. ஒன்று மட்டும் எல்லாம் நலம் என்கிறது. எதை நம்புவது? நாளை மதியத்துக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் சரக்கைக் கப்பலில் ஏற்ற வேண்டாம். இவ்வளவுதான் மெயில். வணக்கம்கூட இல்லை.

அழகுபாண்டி நாற்காலியில் உட்காராமல் அறைக்குள் நடந்தார். கன்டெய்னரில் ஓட்டையா, மழை பெய்ததா, லாரியை எங்காவது தண்ணீரில் நிறுத்தினார்களா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா மட்டும் திரையில் அந்தக் கருவிகள் காட்டிய ஈர அளவின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு விரலால் காட்டினார்.

"சோணை, இதப் பாரு. ஈரம் வழியில ஏறியிருந்தா கோடு கீழருந்து மேல ஏறணும்ல? இது ஏறவே இல்ல. வாசல்ல கதவச் சாத்தும்போதே ஒசரத்துலதான் இருக்கு. அன்னைக்கு நம்ம ஹால்ல ஈரமே இல்லையே."

அவர் அப்படியே எழுந்து பேக்கிங் ஹாலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். செல்லக்கிளி டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"கிளி, மூக்குகளுக்குப் பொட்டு எங்க வச்ச?"

"மூக்குலதான்க்கா. வேற எங்க வைக்கிறது? நெத்தியா இருக்கு அதுக்கு?"

"மூணுக்குமா?"

"ரெண்டுக்குத்தான் மூக்குல. ஒண்ணு குப்புறக் கெடந்துச்சு. அத எதுக்குப் பெரட்டிக்கிட்டுன்னு முதுகுலயே வச்சுட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். கையிலிருந்த டேப் தரையில் உருண்டு ஓடியது.

ஈரச் சந்தனம் ஓட்டைகளை அடைத்து, அந்த ஈரத்தைப் பாலித்தீன் உறை வேறு பத்திரமாகக் காத்து வைத்திருக்கிறது. அப்பளத்தில் ஈரமில்லை. மூக்கில்தான் ஈரம். எனக்குச் சிரிப்பு வந்தது. செல்லக்கிளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்ததும் அது போய்விட்டது.

"என்னால ஷிஃப்டே போயிருமாக்கா?" என்றாள்.

"ஒன்னாலயா? வைக்கச் சொன்னது யாரு?" என்றார் அக்கா.

மேலே போய் முதலாளியிடம் சொன்னோம். அவருக்கு முதலில் நிம்மதி, பிறகு அதைவிடப் பெரிய கவலை.

"அக்கா, மீட்டர் ரெண்டும் ரிப்பேர்னு ஒரு மெயில் தட்டி விடுங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு ரிப்பேர்னா புரியும். சந்தனம்னா எப்படிப் புரியும்? நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

உண்மையைச் சொன்னால் நானும் முதலாளி பக்கம்தான் இருந்தேன். சின்னப் பொய், யாருக்கும் நஷ்டமில்லை, காரியம் முடியும். வெள்ளைத்துரையின் டோல்கேட் போல இதுவும் ஒன்று என்று நினைத்தேன். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"தம்பி," என்று ஆரம்பித்தார்.

நான் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. நின்று கேட்டேன்.

"ரெண்டு ரிப்பேர்னா, மூணாவது மட்டும் நல்ல மீட்டர்னு அந்தம்மா எப்படி நம்பும்? நாளைக்கு நெசமாவே ஒண்ணு கத்துனா அதையும் ரிப்பேர்னுதான நெனைக்கும்? நம்ம சரக்கு எப்படி வருதுன்னு அந்தம்மா கண்ணால பாக்கணும்னுதான் இத வாங்கி வச்சோம். அதுக்குள்ளயே பொய்யப் போட்டு அனுப்புனா, மாவு லாரிக்கு நான் எதுக்கு ஜிபிஎஸ் மாட்டணும், வெள்ளைத்துரை அண்ணன் சொல்றதையே கேட்டுட்டுப் போலாம்ல?"

"அதுக்காகப் பொட்டு வச்சோம்னு எழுதுறதா? சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். வச்சோம்ல?"

அழகுபாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை அக்கா சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஆனால் வெறும் வாய்ப்பேச்சை மார்லீஸ் நம்ப மாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும். அலமாரியிலிருந்து நாலாவது கருவியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கீழே போனார்.

"கிளி, இதுக்குப் பொட்டு வை."

செல்லக்கிளி இரண்டடி பின்னால் போனாள். "சத்தியமா மாட்டேன்க்கா."

"அன்னைக்கு வச்ச மாதிரியே வை. மூக்குலயே வை. அதே பன்னீர், அதே சந்தனம்."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வைத்தாள். அக்கா அதைப் பாலித்தீன் உறையில் போட்டு மூடினார். பக்கத்தில் ஹாலின் சுவரில் மாட்டிய மீட்டர் ஈரமில்லை என்று காட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால், நாலாவது மூக்கும் தொண்ணூற்றாறு என்று கத்தியது. கன்டெய்னரில் கத்திய இரண்டின் கோடுகளையும் இதன் கோட்டையும் ஒரே படத்தில் போட்டுப் பார்த்தோம். ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது.

அக்கா மெயில் எழுதினார். மிஷன் பள்ளியில் படித்த ஆங்கிலம், சுற்றி வளைக்காது. எங்கள் வழக்கப்படி கருவிகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை மரியாதை செய்வோம், இந்தக் கருவிகளுக்கும் செய்தோம், ஓட்டைகளை அடைத்துவிட்டோம், அப்படிச் செய்யச் சொன்னது நான், தவறு என்னுடையது. கீழே அந்தக் கோடுகளின் படம். அதற்குக் கீழே ஆயுத பூஜையன்று எடுத்த போட்டோ. தராசுக்கும் கால்குலேட்டருக்கும் நடுவில் மூன்று வெள்ளைப் பெட்டிகள் பொட்டும் பூவுமாக உட்கார்ந்திருந்தன. செல்லக்கிளியின் பெயரை அக்கா எங்கும் எழுதவில்லை.

மதியத்துக்கு முன்னால் பதில் வந்தது. சிவப்புப் பொடி எதற்கு என்று ஒரே கேள்வி. அது குங்குமம், சந்தனத்தின் மேல் வைப்பது, அதற்கும் ஈரத்துக்கும் சம்பந்தமில்லை என்று அக்கா எழுதினார். அடுத்த பதிலில் மார்லீஸ் சரக்கைக் கப்பலில் ஏற்றச் சொன்னார். முதல் பெட்டியை நானே திறப்பேன், ஆர்டர் பற்றி அதற்குப் பிறகுதான் பேச்சு என்றும் சொல்லியிருந்தார். அழகுபாண்டி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கப்பல் கொழும்பில் நின்றபோது இரண்டு கருவிகளும் எண்பதுக்கு இறங்கியிருந்தன. சந்தனம் காய்கிறது என்று அக்கா ஹாலில் போய் அறிவித்தார். அதற்குப் பிறகு கடல். நடுக்கடலில் சிம்முக்கு சிக்னல் ஏது? கப்பல் போகிற வழியை மட்டும் கம்ப்யூட்டரில் பார்க்க முடிந்தது. அக்கா உலக வரைபடம் ஒன்றை வாங்கி வந்து பேக்கிங் ஹாலில் ஒட்டி, தினமும் ஒரு பொட்டை, நிஜமான ஸ்டிக்கர் பொட்டைத்தான், நகர்த்தி ஒட்டினார். வேனிலிருந்து இறங்கும் பெண்கள் செருப்பைக் கழற்றும் முன்பே, "எங்கக்கா வந்திருக்கு?" என்று கேட்டார்கள். ஊரையே கேட்டுக்கொண்டிருந்த அக்காவை இப்போது ஊரே கேட்டது. ஆப்பிரிக்காவின் கீழ்முனையைத் தாண்டிய அன்று, அது இம்புட்டு நீளமா என்று எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள்.

கப்பலுக்காக செல்லக்கிளி பாண்டி கோயிலில் நேர்ந்துகொண்டாள். அக்கா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார்கள். நான் எல்லோரிடமும் சொன்னேன்.

சரக்கு இறங்கிய அன்று, இரண்டாவது ஷிஃப்ட் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அக்காவின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. அக்கா எடுத்ததும் பழக்கத்தில், "எங்க வந்துட்டீங்க?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார். மார்லீஸுக்கு என்ன புரிந்ததோ, போனைத் திருப்பித் தன் கிடங்கைக் காட்டினார். எங்கள் பெட்டி பிரித்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மேசை, அதன் மேல் கரண்ட் அடுப்பு, சின்ன வாணலியில் எண்ணெய்.

பெண்கள் வேலையை விட்டுவிட்டு போனைச் சுற்றி வந்தார்கள். முதலாளி அவர்களை விரட்டவில்லை. அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். செல்லக்கிளி மட்டும் தூரத்தில் தூணுக்குப் பின்னால் நின்று, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மார்லீஸ் ஒரு அப்பளத்தை எடுத்து, எங்கள் பெண்களுக்கே சிரிப்பு வருகிற மாதிரி இரண்டு விரலால் பிடித்து, எண்ணெயில் விட்டார்.

பொரிந்தது. பொரிந்து, வாணலியை மீறிக்கொண்டு பூத்தது. அவர் அதை எடுத்து போனுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கடி கடித்தார். அந்த நொறுங்கும் சத்தம் கப்பலூர் வரைக்கும் கேட்டது. செல்லக்கிளி தூணோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்கும் கண்ணில் தண்ணீர். அதைத் துடைக்காமலேயே போனைச் செல்லக்கிளிக்கு நேராகப் பிடித்தார்.

மார்லீஸ் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கருவியை எடுத்தார். சந்தனம் காய்ந்து வெடித்து, குங்குமம் இன்னும் சிவப்பாக இருந்தது. இதைத் துடைக்கலாமா என்று கேட்டார். அக்கா மொழிபெயர்த்துச் சொன்னார்.

"வேணாம்னு சொல்லுங்கக்கா," என்றாள் செல்லக்கிளி தரையிலிருந்தே. "அது அம்புட்டு தூரம் துணைக்குப் போயிருக்கு."

ஆர்டர் வந்தது. வருடம் முழுவதற்கும் வந்தது. ஒப்பந்தத்தோடு வந்த பேக்கிங் விதிமுறைகளில், பெட்டியின் அளவு, டேப்பின் அகலம் எல்லாம் எழுதியிருந்த இடத்துக்குக் கீழே புதிதாக ஒரு விதி இருந்தது. கருவிகளுக்கு மரியாதை செய்யும்போது பின்பக்கத்தில் மட்டும் செய்யவும். சிரிக்க மாட்டார்களா என்று அன்றைக்குக் கேட்ட அழகுபாண்டி, அதை உரக்கப் படித்துவிட்டுத் தானே சிரித்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு செல்லக்கிளி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஹால் முழுக்கச் சுற்றினாள். தராசுக்கு வைத்தாள், மிஷினுக்கு வைத்தாள், என் கால்குலேட்டருக்கு வைத்தாள். அக்காவின் மேசையை மட்டும் பார்க்காதது போலத் தாண்டிப் போனாள். அக்கா கூப்பிட்டார்.

"கிளி, எங்க போற? இங்க வா."

"வேணாம்க்கா. போன வருசம் பட்டது போதும்."

அக்கா ஒரு கருவியை எடுத்து, குப்புறத் திருப்பி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "முதுகுல வை. இதுகள மட்டும் விட்டா பாவமா இருக்காதா?"

செல்லக்கிளி கிண்ணத்தை மேசை மேல் வைத்தாள். பிறகு இடது கையை அடியில் கொடுத்து கருவியின் மூக்கை இறுக்கப் பொத்திக்கொண்டு, வலது கையால் அதன் முதுகில் பொட்டு வைத்தாள், நல்லாப் பெரிதாக.